ரேடியோ செட்டும் டேப்லெட்டும்

திருப்பூருக்கு வடக்கே உள்ள நெருப்பெரிச்சல், தனி ஊராக இருந்து, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஊர்களில் ஒன்று. இத்தகைய ஊர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பனியன் நூலின் விலையையும், சாயத் தண்ணீரின் கதியையும், ஏற்றுமதியின் ஏற்ற இறக்கத்தையும் பற்றி எழுதுவதோடு அமைந்துவிடுகிறார்கள்; அது நியாயந்தான். ஆயினும், மாரியம்மன் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் தவறாமல் வந்து, கம்பத்தில் குழாயைக் கட்டி, ஊரார் அனைவருடைய காதுகளையும் சில நாட்களுக்குத் தன் வசப்படுத்திக்கொண்ட ரேடியோ செட்டுக்காரரின் தொழிலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இன்று அத்தொழிலில் முன்னேறியவர் கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவே நின்று, மேடையிலுள்ள ஒவ்வொரு மைக்கின் வழியாகவும் எவ்வளவு ஒலி உட்புகுகிறது என்பதைப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக எழுந்து தாழும் கோடுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதையே பெருமையாகக் கொண்டிருந்த ஒரு தொழில், எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைக் கவனிக்கும் தொழிலாக மாறிய விதம் சற்று நிதானமாக ஆராயத் தக்கது.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் கொங்கு நாட்டின் கலைகளுக்கு மனிதனுடைய தொண்டையே சாதனமாக இருந்தது. அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவெல்லாம் பாடிய பாடகர், கடைசி வரிசையில் போர்வைக்குள் ஒடுங்கியிருப்பவருக்கும் கேட்கும்படி குரலை எடுத்தே தீர வேண்டும். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும், 1933-இல் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் நாடக மேடையில் பெற்ற கீர்த்திக்கு, அவர்களுடைய சாரீரம் மைக்கின் துணையில்லாமலே கொட்டகையின் கோடி வரையில் சென்று எட்டியதும் ஒரு காரணம். அக்காலத்துப் பாடகர்கள் உயர்ந்த சுருதியை விரும்பியதும், பிற்காலத்தில் மைக்கு வந்தபின் சுருதியின் கட்டை பொதுவாகத் தாழ்ந்ததும் சங்கீத ரசிகர்கள் அறிந்த விஷயம். சுருங்கச் சொன்னால், ஒலியின் அளவை நிர்ணயிக்கும் அதிகாரம் முழுவதும் அன்று பாடுகிறவரிடமே இருந்தது. அவருக்கும் கேட்கிறவருக்கும் இடையில் மூன்றாம் மனிதர் ஒருவர் இருக்கவில்லை.

அந்த மூன்றாம் மனிதரை உண்டாக்கிய கருவி அமெரிக்காவில் பிறந்தது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் 1915-இல் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னே ஒலிபெருக்கியின் ஆற்றலைக் காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, சான் டியேகோவில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதன் உதவியால் ஒரு பெரும் திரளை நோக்கிப் பேசினார். தமிழ்நாட்டில் 1924-இல் ஏற்பட்ட சென்னை மாகாண ரேடியோ கிளப் சில ஆண்டுகளிலேயே பொருளின்மையால் ஓய்ந்துபோக, 1930 ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை மேற்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்து ஜனங்களுக்குப் பாட்டுக் கேட்பிக்கும் வழக்கத்தைத் தொடங்கிற்று. காங்கிரஸ் கூட்டங்களின் பழைய புகைப்படங்களில் தலைவர்களுக்கு முன்னால் நிற்கும் மைக்கில் ‘சிகாகோ ரேடியோ’ என்ற எழுத்துக்களைக் காணலாம். பெயரில் அயல்நாட்டு நகரம் இருந்தாலும், அது மோட்வானே குடும்பத்தார் நடத்திய நம் நாட்டு ஸ்தாபனமே.

கொங்கு நாட்டுக்கு இக்கருவி வருவதற்கு முன் மின்சாரம் வர வேண்டியிருந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. திருப்பூரில் வேரூன்றத் தொடங்கியிருந்த பனியன் தொழிலுக்கும் அந்த மின்சாரமே ஊட்டமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே தமிழ்ப் பேசும் படம் வந்துவிட்டதால், ஊர் ஊராகச் செல்லும் கொட்டகைகள் ஒலிபெருக்கியைத் தம்முடன் சுமந்து சென்றன. டில்லியில் அஹுஜா ஸ்தாபனம் 1940-இல் தோன்றிற்று. பிற்காலத்தில் தமிழ்நாட்டு ரேடியோ செட்டுக்காரர்கள் ஆம்ப்ளிபயர் என்றாலே அந்தப் பெயரைச் சொல்லும் நிலை உண்டாயிற்று. கோவையின் விஞ்ஞானப் பித்தர் ஜி. டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்ததும் இந்தக் காலத்தின் உற்சாகத்துக்கு ஓர் அடையாளம்.

கூம்பு வடிவான குழாய் ஒலிபெருக்கிதான் கிராமத்து ரேடியோ செட்டின் உயிர்நிலை. அதன் கழுத்தில் பொருத்தப்படும் யூனிட்டின் சிறிய தகட்டின் அதிர்வைக் கூம்பின் விரிவு காற்றோடு நன்றாக இணைத்துவிடுவதால், இருபத்தைந்து முப்பது வாட் சக்தியுள்ள ஆம்ப்ளிபயரைக் கொண்டே அது பக்கத்து ஊர் வரையில் பேசிவிடும். கனமான கீழ்ஸ்தாயியும் நுண்மையான மேல்ஸ்தாயியும் அதில் வாரா. ஆனால் மனிதக் குரலின் சொல் தெளிவுக்கு வேண்டிய நடுப்பகுதி அதில் கூர்மையாக வரும். பனைமரத்திலோ மூங்கிற் கம்பத்திலோ நான்கு திசைக்கு நான்கு குழாய் கட்டி, விடியற்காலையில் பக்திப் பாட்டின் இசைத்தட்டு ஒன்றைச் சுழல விட்டால், விழாவுக்குச் சாட்டு விழுந்த ஊர் எது என்று சுற்று வட்டாரத்துக்கு வேறு அறிவிப்பு வேண்டியதில்லை. ஆகையால் செட்டுக்காரரின் தரத்தை ஊரார் மதிப்பிட்டது தூரத்தைக் கொண்டே. ‘எந்த ஊர் வரைக்கும் கேட்டுச்சு’ என்பதே மறுநாள் பேச்சு.

இந்த மதிப்பீட்டில் உள்வரும் ஒலிக்கு இடமே இல்லாமற் போனது இயல்பு. சாதாரண ஆம்ப்ளிபயரின் முகப்பில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ், இசைத்தட்டுக்கு ஒரு குமிழ், கனத்துக்கும் கீச்சுக்கும் ஒன்றிரண்டு குமிழ்கள் ஆகியவையே இருந்தன. பேசுபவர் மைக்கை உதட்டோடு ஒட்டி முழங்குகிறாரா, இரண்டு முழம் தள்ளி நின்று கூச்சத்தோடு முணுமுணுக்கிறாரா என்பதைக் கண்ணுக்குக் காட்டும் சாதனம் கிடையாது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்ற விதியைச் செட்டுக்காரர் படித்திருக்க மாட்டார்; ஆனால், பஞ்சாயத்துத் தலைவர் எழுந்தால் குமிழைக் குறைக்க வேண்டும், பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தை கடவுள் வாழ்த்துப் பாட வந்தால் கூட்ட வேண்டும் என்பதை அவர் கை அறியும். ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ என்று சிறுவர்கள் கேலி செய்து மகிழ்ந்த அந்த மந்திரமே அன்றைய ஒரே அளவுகோல்: ஒரு மனிதக் குரலை உள்ளே செலுத்தி, அது கரகரக்கிறதா, மைக் ஊளையிடுகிறதா என்று காதினால் பரிசோதிப்பது. அந்தக் காதும் பெரும்பாலும் மேடைக்கு அருகில், ஆம்ப்ளிபயரின் பக்கத்தில், ஜனங்கள் கேட்பதைத் தான் கேட்க முடியாத ஓரிடத்தில் அமர்ந்திருந்தது.

ஒலியின் அளவைக் கண்ணாற் காணும் சாதனங்கள் அக்காலத்திலேயே உலகில் இல்லாமல் இல்லை. 1935-இல் ஆர்.சி.ஏ. ஸ்தாபனம் வெளியிட்ட, பச்சை ஒளியால் விரிந்து சுருங்கும் ‘மாயக் கண்’ வால்வு, ரேடியோவில் நிலையத்தைச் சரியாகப் பிடிக்க உதவியதோடு, பின்னால் டேப் ரிக்கார்டர்களில் பதிவின் அளவையும் காட்டிற்று. பெல் ஆய்வுக்கூடத்தாரும் இரண்டு பெரிய அமெரிக்க ஒலிபரப்பு ஸ்தாபனங்களும் சேர்ந்து, 1939-இல் வி.யூ. மீட்டர் என்னும் முள் காட்டும் கருவிக்கு ஒரு பொதுப் பிரமாணம் வகுத்தார்கள். அந்த முள் தன் இலக்கை எட்ட நொடியில் பத்தில் மூன்று பங்கு எடுத்துக்கொள்ளும். மனிதப் பேச்சின் சராசரியைக் காட்ட அது போதும். ஆனால் தவிலின் ஓர் அடியோ, பறையின் ஒரு வீச்சோ, முள் நிமிர்வதற்குள் வந்து போய்விடும். முள் பாதியில் நிற்கும்போதே கருவியின் உள்ளே ஒலி எல்லை மீறிச் சிதைந்திருக்கும். இந்தக் குறையை உணர்ந்தே, இங்கிலாந்தின் பி.பி.சி. உச்சத்தை விரைந்து பிடிக்கும் வேறு வகை மீட்டரைக் கையாண்டது. நம் நாட்டிலும் வானொலி நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மீட்டர் உரிய பொருளாயிற்று. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் மாரியம்மன் கோயில் பந்தலுக்கும் இடையிலிருந்த தூரத்தை அந்த முள் நெடுங்காலம் கடக்கவில்லை. கூடத்துக்குக் கண் இருந்தது, பந்தலுக்குக் காது மட்டுமே இருந்தது.

கேசட்டும் மெல்லிசைக் குழுவும் இந்நிலையைச் சிறிது சிறிதாக மாற்றின. 1963-இல் பிலிப்ஸ் ஸ்தாபனத்தார் வெளியிட்ட கேசட், எண்பதுகளில் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியபோது, கேசட் டெக்கின் முகத்தில் ஆடிய முள்ளையும் பின்னர் ஏறி இறங்கிய விளக்கு வரிசையையும் செட்டுக்காரர்கள் முதன்முதலாகத் தினந்தோறும் பார்த்துப் பழகினார்கள். மெல்லிசைக் கச்சேரி வந்தபோது ஒன்றிரண்டு மைக் போதவில்லை. பாடகர் இருவர், தபேலா, டிரம்ஸ், கீபோர்டு, கிதார் என்று பன்னிரண்டும் பதினாறுமாக வழிகள் பெருக, அவற்றை ஒன்றுசேர்க்கும் மிக்ஸர் அவசியமாயிற்று. அதைக் கூட்டத்தின் நடுவில் வைப்பதே சாஸ்திர முறை. ஆனால் அதற்குக் கனத்த மல்டிகோர் கேபிள் மேடையிலிருந்து ஓட வேண்டும், அதன்மேல் ஜனங்கள் நடக்காதபடி காவல் வேண்டும், அதற்கெனச் செலவும் வேண்டும். ஆகவே நடுத்தரமான நிகழ்ச்சிகளில் மிக்ஸரும் பழைய ஆம்ப்ளிபயரைப் போலவே மேடையின் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது.

அடுத்து வந்த ஆண்டுகளில் குழாய் ஒலிபெருக்கியின் ஆட்சி முடியத் தொடங்கிற்று. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு கட்டி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியை விலக்கின; பின்னர் வந்த திருத்தத்தால், பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் உரிமை மாநில அரசுக்கு அளிக்கப்பட்டது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை வலியுறுத்தி விரிவான தீர்ப்பு வழங்கிற்று. கூம்புகளைக் கட்டாமல் பெட்டி ஒலிபெருக்கிகளையே வைக்க வேண்டும் என்பது காவல்துறையின் விழா அனுமதிகளில் வழக்கமான நிபந்தனையாயிற்று. தூரத்தைப் பெருமையாகக் கருதிய தொழிலுக்கு, தூரம் ஒரு குற்றமாகக்கூடும் என்ற அறிவு இவ்வாறு சட்டத்தின் வாயிலாக வந்தது.

மற்றோர் அறிவு இயந்திரத்தின் வாயிலாக வந்தது. டிஜிட்டல் மிக்ஸர், மைக்கிலிருந்து வரும் மின்னலையைப் பெரும்பாலும் நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களுக்கு ஒரு கூரை உண்டு. அதற்குச் சுழி என்று பெயரிட்டு, அதற்குக் கீழேயுள்ள அளவுகளையெல்லாம் கழித்தற் குறியோடு எழுதுவார்கள். பழைய வால்வுக் கருவி எல்லை மீறினால் சிறிது சிறிதாகத் தடித்துக் கரகரக்கும்; டிஜிட்டல் கருவியிலோ கூரைக்கு மேற்பட்ட பகுதி வெட்டுண்டு போகும், பிறகு எந்தக் குமிழைத் திருகினாலும் திரும்பாது. ஆகையால் மைக்கின் சிற்றொலியை முதலில் பெருக்கும் ப்ரீ ஆம்பின் கெயினைச் சராசரி ஒலி −18 டெசிபெல் அளவில் நிற்கும்படி அமைத்து, திடீரென்று எழும் உச்சங்களுக்கு இடம் விட்டுவைப்பது வழக்கமாயிற்று. ஆறு டெசிபெலுக்கு ஒருமுறை மின்னழுத்தம் இருமடங்காவதால், அந்தப் பதினெட்டு, எட்டு மடங்கு ஏற்றத்துக்கு இடம் தருகிறது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர், சிவப்பு எரிவதைக் கண்டதும், வெளிச்செல்லும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தாழ்த்துகிறார். வெளியே சத்தம் குறைகிறது, ஆனால் சிவப்பு அணைவதில்லை. ஃபேடர் வெளியேறும் வழியில் இருக்கிறது. தவறு நேர்ந்த இடமோ நுழைவாயில். நிட்டிங் மெஷினில் நூலின் இழுவிசை கோணிப்போய்த் துணியில் விழுந்த குறையைச் சாயப்பட்டறையிலும் அயர்னிங் மேஜையிலும் தீர்க்க முடியாது என்பதை அறிந்த திருப்பூர்க்காரருக்கு இந்தத் தத்துவத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

யமஹா ஸ்தாபனம் 1987-இலேயே சிறிய டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றை வெளியிட்டதாயினும், டிஜிட்டல் முறை சாமானியரை எட்டியது 2010-இல் ஐபேட் வந்த பிறகுதான். 2012-இல் மேக்கி நிறுவனம் ஐபேடையே முகப்பாகக் கொண்ட பதினாறு வழி மிக்ஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பெரிஞ்சரின் எக்ஸ் 32 வந்து விலையைத் தாழ்த்திற்று. அடுத்த சில ஆண்டுகளில் பெரிஞ்சரின் எக்ஸ் ஏர், சவுண்ட்கிராப்டின் யூ.ஐ. வரிசைகள் தோன்றின. இவற்றில் மிக்ஸர் என்பது மேடையோரத்தில் ஒயர்கள் செருகப்பட்ட ஒரு பெட்டி. அதன் குமிழ்களெல்லாம் வைஃபை வழியாக டேப்லெட்டின் கண்ணாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மல்டிகோர் கேபிளின் செலவும் காவலும் ஒரே நாளில் அநாவசியமாயின. செட்டுக்காரர் மேடையின் பக்கத்தை விட்டு எழுந்து, கடைசி வரிசைக்கும் பந்தலின் ஓரத்துக்கும் நடந்து செல்லச் சுதந்திரம் பெற்றார். இந்தத் தொழிலின் வரலாற்றில் என் மதிப்பில் மிகப் பெரிய மாறுதல் இதுவே: பந்தலுக்குக் கண் கிடைத்தது மட்டுமல்ல, காது தான் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கொங்கு நாட்டில் மறுமலர்ச்சி பெற்றிருக்கும் வள்ளி கும்மியை எடுத்துக்கொண்டால், இந்தக் கண்ணின் பயன் தெளிவாகும். இக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்துப் பரப்பிய கோவை வட்டாரத்து ஆசிரியர் எம். பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. திறந்த மைதானத்தில் நூற்றுக்கணக்கானோர் வட்டமிட்டு ஆட, ஆசிரியர் பாடும் அடியைக் கேட்டு அவர்கள் திருப்பிப் பாடி அடியெடுத்து வைக்க வேண்டும். பாட்டு ஒரு கணம் மங்கினால் வட்டத்தின் மறு கோடியில் கால் பிசகும். பாடகரோ ஆடிக்கொண்டே பாடுபவராதலால், தலை திரும்பும்போதெல்லாம் மைக்கின் தூரம் மாறும். தாள வாத்தியத்தின் அடி அதே மைக்கில் புகுந்து குரலை அமுக்கும். முன்னாளில் செட்டுக்காரர் இவற்றையெல்லாம் கலந்து கேட்டு, எது எங்கே கெடுகிறது என்று ஊகித்தே திருத்தினார். இன்று ஒவ்வொரு வழியின் கோடும் தனித்தனியே எழுவதால், குரலின் கோடு பச்சையில் தாழ்ந்து கிடக்கிறதா, வாத்தியத்தின் கோடு சிவப்பைத் தொடுகிறதா, பாடாத ஒருவரின் மைக் திறந்து கிடந்து காற்றை வாங்குகிறதா என்பதை ஒரே பார்வையில் பகுத்துணர முடிகிறது.

இத்தனை சௌகரியத்துக்கும் எல்லை உண்டு. மைதானம் நிறைய செல்போன்கள் கூடும்போது வைஃபை தடுமாறும். அப்போது ஒலி நிற்காது, பெட்டி தன் பாட்டுக்கு நடக்கும், ஆனால் செட்டுக்காரர் தம் கண்ணையும் கையையும் ஒருங்கே இழப்பார். அதற்காகவே அனுபவசாலிகள் பெட்டியிலுள்ள சிறிய ஆன்டெனாவை நம்பாமல் தனி ரவுட்டர் ஒன்றை வைக்கிறார்கள். அதைவிட முக்கியமான எல்லை வேறு. டேப்லெட் காட்டும் டெசிபெல்லும் சட்டம் சொல்லும் டெசிபெல்லும் ஒன்றல்ல. முன்னது கருவிக்குள்ளிருக்கும் கூரையிலிருந்து கீழ்நோக்கி எண்ணப்படுவது. பின்னது மனிதச் செவியின் அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுவது. உள்ளே எல்லாக் கோடுகளும் குற்றமற்ற பச்சையில் இருக்கும்போதே, வெளியே பெட்டிகள் ஒரு தெருவின் தூக்கத்தைக் குலைத்துக்கொண்டிருக்கக் கூடும். ஷிப்ட் முடித்து வந்து படுக்கும், பனியன் தைக்கும் பவர் டேபிள் தொழிலாளிக்கு −18 என்ற எண்ணால் யாதொரு ஆறுதலும் இல்லை.

ஆகவே, நுழைவாயிலின் அளவை இயந்திரம் காட்டும், வெளிவாயிலின் அளவைச் சட்டம் சொல்லும், இரண்டுக்கும் நடுவே நின்று பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும் என்பதே இந்த நூற்றாண்டுக் கதையிலிருந்து நாம் பெறும் முடிவு. பாடகர் தம் தொண்டையால் அளந்ததையும், பழைய செட்டுக்காரர் காதாலும் கையாலும் அளந்ததையும், இன்றையவர் கண்ணால் அளக்கிறார். ஆனால் கெயினை அமைக்க இன்றும் அவருக்கு மைக்கின் முன் ஒரு மெய்யான குரல் தேவைப்படுகிறது, பேசப்போகிறவர் பேசப்போகும் உரத்திலேயே பேசிக் காட்டினாலொழிய அந்தக் கோடுகளுக்குப் பொருளில்லை. நிகழ்ச்சி நடத்தும் கமிட்டியார் இதை உணர வேண்டும். நோன்பு சாட்டிய கையோடு செட்டுப் பேசப் போகும்போது எத்தனை பெட்டி, எத்தனை வாட் என்று விசாரிப்பதோடு நில்லாமல், நிகழ்ச்சி தொடங்குமுன் மைக் சோதனைக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதும், கவனிக்கும் ஆள் யார், அவர் எங்கே நிற்பார் என்று கேட்பதும் வழக்கமானால், நெருப்பெரிச்சலைப் போன்ற ஊர்களில் கேட்க வந்தவர்க்குச் சொல் தெளிவும், கேட்க விரும்பாதவர்க்கு உறக்கமும் ஒருங்கே கிடைக்கும்.